வாலிபர் ஊழியர் மாநாடு: இந்த முறை எப்படி நடத்தலாம்?

தோபாயோ_வாசி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அடுத்த ஆண்டு மார்ச் பள்ளி விடுமுறையை ஒட்டி, இங்கே சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளில் வாலிபர் ஊழியம் செய்கிறவர்களுக்காக ஒரு மாநாடு வைக்கலாம் என்று சில சபைகள் சேர்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம். இடம், பேச்சாளர், சாப்பாடு எதுவும் முடிவாகவில்லை. முடிவாவதற்கு முன்னால் ஒரு விஷயத்தை இங்கே போட்டு உடைத்துவிடுகிறேன்.

இது பிள்ளைகளுக்கான முகாம் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை உட்காரவைத்துப் பாட்டு, வேதபாடம், விளையாட்டு என்று நடத்துகிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்குமான மாநாடு. நம்மில் முழுநேர ஊழியர் அபூர்வம். பகலில் ஒருவர் ஆசிரியர், ஒருவர் தாதி, ஒருவர் கணக்காளர். வேலை முடிந்து வந்து, வெள்ளி இரவு தூக்கக் கலக்கத்தில் பாடம் தயாரிக்கிறோம். பெரிய ஆங்கிலச் சபைகளில் இந்த ஊழியத்துக்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். நம் சபைகள் பலவற்றில் ஒரே ஆள், அல்லது கணவனும் மனைவியும். அந்த அக்காவுக்குப் பிரசவம் என்றால் வாலிபர் கூட்டமே நின்றுபோகிறது.

அப்படிப்பட்டவர்களைக் கூட்டிவைத்து இதுவரை என்ன செய்திருக்கிறோம்? காலையில் துதி ஆராதனை, முதல் செய்தி (பிரசங்கம்), இரண்டாம் செய்தி, பிரியாணி, மதியம் குழுக் கலந்துரையாடல். காலைச் செய்தி நீண்டுவிடுவதால் கலந்துரையாடலுக்கு இருபது நிமிடம்கூடத் தேறுவதில்லை. குழுப்படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். செய்திகள் நன்றாகவே இருந்தன. ஆனால் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் எங்கே குடியிருக்கிறார், அவருடைய வாலிபர் கூட்டம் எப்படிப் போகிறது, அவர் எதில் திணறிக்கொண்டிருக்கிறார் என்பது தெரியாமலே வீட்டுக்கு வந்து சேர்கிறோம்.

1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே நம்மவர் ஒருவர் பேசினார். வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. பேராயர் ஆனது 1912-ல். அதற்கு முன்னால் பல வருஷம் ஒய்எம்சிஏ எனும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராகத் தென்னிந்தியா முழுக்கச் சுற்றி வாலிபர் ஊழியம் செய்தவர். அத்தனை வெள்ளைக்கார மிஷனெரிகளுக்கு முன்னால் நின்று, பணத்தையும் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களையும் கொடுங்கள் என்ற பொருள்படக் கேட்டார். அவர் கேட்டதைத்தான் நம் மாநாடும் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. தனியாக நின்று ஊழியம் செய்கிற ஒவ்வொருவருக்கும், பக்கத்திலேயே குடியிருக்கிற இரண்டு மூன்று கூட்டாளிகள். இது கிடைத்தால் மற்ற எதில் குறை வந்தாலும் பரவாயில்லை.

என் யோசனை இது. பதிவு செய்கிறவர்களைச் சபைவாரியாகப் பிரிக்காமல் வீடு இருக்கிற வட்டாரத்தை வைத்துப் பிரிக்கலாம். ஈசூன், செம்பவாங், உட்லண்ட்ஸ் ஒரு பக்கம். ஜூரோங், பூன் லே, சுவா சூ காங் ஒரு பக்கம். பொங்கோல், செங்காங், ஹவ்காங் ஒரு பக்கம். பிடோக், தெம்பனிஸ், பாசிர் ரிஸ் ஒரு பக்கம். நடுவில் இருக்கிற நாங்கள் ஒரு பக்கம். மாநாட்டுக்கு முன்பே நாலைந்து பேராக ஒரு கோப்பிக்கடையில் சந்தித்துவிட வேண்டும். மாநாட்டு நாளில் அதே ஆட்கள் அதே மேசையில். மாநாடு முடிந்த பிறகும் ஒரு வருஷத்துக்கு, ஆறு வாரத்துக்கு ஒருமுறையாவது அவர்கள் சந்திக்க வேண்டும். ஒரே ஒரு செய்தி போதும். மீதி நேரம் மேசைக்கு.

என்ன நினைக்கிறீர்கள்? மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

ஜூரோங்_மூப்பர்

தம்பி, உங்கள் பாரம் புரிகிறது. ஆனால் ஒரே ஒரு செய்தி என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஊழியர்கள் வறண்டுபோய் வருகிறார்கள். அவர்களுக்கு முதலில் வேண்டியது தேவனுடைய வார்த்தை. ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள எப்போதும் வாய்ப்புண்டு. நல்ல போதகர் ஒருவர் வசனத்தைத் திறந்து காட்டும்போது உள்ளுக்குள் நடக்கிற காரியம் வேறு. நான் வாலிபனாக இருந்தபோது கேட்ட ஒரு செய்திதான் இன்றுவரை என்னை இந்த ஊழியத்தில் நிறுத்தியிருக்கிறது.

இன்னொன்று, நடைமுறை விஷயம். பேச்சாளர் பெயர் இல்லாமல் சுவரொட்டி அடித்தால் யார் வருவார்கள்? போதகர்கள் ஞாயிறு அறிவிப்பில் என்னவென்று சொல்வார்கள்? சென்னையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ நல்ல தேவ ஊழியர் ஒருவரை அழைக்கலாம். விமானச் செலவில் ஒரு பங்கை எங்கள் சபை ஏற்கும்.

நிர்வாகப்_பிரிவு

மூப்பர் ஐயா, அழைப்பதானால் இப்போதே வேலையைத் தொடங்க வேண்டும். வெளிநாட்டுப் பேச்சாளர் சமயம் பற்றிப் பேசுவதற்குச் சுற்றுலா விசாவில் வந்து மேடையேற முடியாது. மனிதவள அமைச்சின் மிசலேனியஸ் ஒர்க் பாஸ் என்ற குறுகிய கால வேலை அனுமதி வேண்டும். ஏற்பாடு செய்கிற நாம்தான் விண்ணப்பிக்க வேண்டும். கிடைத்தால் 60 நாள்வரை செல்லும். கடைசி நேரத்தில் ஓட வைக்காதீர்கள், கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

அதோடு, பதிவுப் படிவத்தில் தொலைபேசி எண்ணும் குடியிருப்பு வட்டாரமும் கேட்கப்போகிறோம் என்றால், அதை அதே வட்டாரத்து மற்ற ஊழியர்களிடம் கொடுப்போம் என்று படிவத்திலேயே எழுதி சம்மதம் வாங்கிவிட வேண்டும். 2012-ல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். முழு முகவரி தேவையில்லை. அஞ்சல் குறியீட்டின் முதல் இரண்டு எண் போதும், வட்டாரம் தெரிந்துவிடும்.

ஈசூன்_சிஸ்டர்

வட்டாரம் வட்டாரமாகப் பிரிப்பதற்கு நான் இரண்டு கையையும் தூக்குகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு மாநாட்டில் பிரியாணி வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் நின்ற சகோதரி கையில் ஈசூன் ரொட்டிக்கடைப் பை. "சிஸ்டர், ஈசூனா?" என்று கேட்டேன். ஆமாம் என்றார். பேச்சு வளர்ந்தது. என் வீட்டிலிருந்து ரெண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி அவருடைய வீடு. அவர் சபையில் வாலிபப் பிள்ளைகள் ஆறேழு பேர், என் சபையிலும் அவ்வளவுதான். இரண்டு பேரும் சனிக்கிழமை ஒரே நேரத்தில், அவரவர் சபைக்கு ஆளுக்கொரு திசையில் ரயிலேறிப் போகிறோம். என்னிடம் கித்தார் வாசிக்க ஆள் இல்லை. அவரிடம் நன்றாக வாசிக்கிற பையன் இருக்கிறான், ஆனால் பெண்பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச இன்னொரு அக்கா இல்லை. சோறு வாங்கி முடிக்கிறவரைக்கும் இதையெல்லாம் பேசினோம். பிறகு கலந்துரையாடலுக்குச் சபைவாரியாகப் பிரித்து, அவரை ஒரு அறைக்கும் என்னை இன்னொரு அறைக்கும் அனுப்பிவிட்டார்கள்.

நாங்கள் விடவில்லை. இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைக்கிறோம். ஆறு பேர் இருக்கிற அறையில் பேசவே கூச்சப்படுகிற பிள்ளை, பதினாலு பேர் இருக்கிற அறையில் சிரித்துப் பேசுகிறது. எனக்குக் காய்ச்சல் என்றால் அவர் பார்த்துக்கொள்கிறார். அந்த மாநாட்டில் என்ன செய்தி கொடுத்தார்கள் என்பது எனக்கு நினைவில்லை, மூப்பர் ஐயா மன்னிக்க வேண்டும். அந்தச் சகோதரியைக் கர்த்தர் கொடுத்தார் என்பது மட்டும் தெரியும்.

புக்அவுட்_தம்பி

வணக்கம் அண்ணா, அக்கா. நான் இப்ப தேசிய சேவைல, அதாவது கட்டாய ராணுவ சேவைல இருக்கேன். எங்க சபைல வாலிபர் கூட்டத்துக்கு உதவி செஞ்சுட்டு இருந்தேன். பதினெட்டு வயசுல நாம ஓரளவு பழகி, பாடம் எடுக்க ஆரம்பிக்கிற நேரத்துலதான் ராணுவப் பயிற்சிக்கு தேக்கோங் தீவுக்குப் போக வேண்டி வருது. ரெண்டு வருஷம் கழிச்சு திரும்பி வந்தா நம்மகூட இருந்த பிள்ளைங்க எல்லாம் பலதுறைத் தொழிற்கல்லூரி, வேலைன்னு போயிடுறாங்க. திரும்ப யார்கூட சேர்றதுன்னே தெரியல. என்கூட முகாம்ல இருக்கிற ஒரு பையனும் இதே மாதிரிதான், வேற சபை. அதனால மேசை யோசனை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரம்பிக்காதீங்க. எல்லா வாரமும் முகாம்லேர்ந்து நேரத்துக்கு வெளிய வர, அதான் புக் அவுட் ஆக முடியாது. சனிக்கிழமை மதியத்துக்கு மேல வச்சா என்ன மாதிரி ஆளுங்க வருவோம்.

இன்னொன்னு கேக்கணும். என்ன மொழில நடத்தப் போறீங்க? எங்க பிள்ளைங்க பாட்டு தமிழ்ல பாடுவாங்க, பேசுறது இங்கிலீஷ்தான். எனக்கே தமிழ்ல ஜெபம் பண்ணச் சொன்னா வேர்த்துரும். பெரியவங்க முன்னாடி தப்பா சொல்லிடுவோமோன்னு பயம். முழுக்கத் தமிழ்னா எங்க வயசு உதவியாளருங்க பாதிப் பேரு வர மாட்டாங்க.

ஜூரோங்_மூப்பர்

தம்பி, ஜெபத்தில் பிழை பார்க்கிறவன் பெரியவனே இல்லை. நீங்கள் கட்டாயம் வரவேண்டும்.

ஆனால் மாநாடு தமிழில்தான் நடக்க வேண்டும். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஊழியப் பயிற்சி பெற இந்த ஊரில் இடங்கள் நிறைய இருக்கின்றன. தமிழில் யார் கொடுப்பார்கள்? மெதடிஸ்ட் ஊழியம் சிங்கப்பூருக்கு 1885-ல் வந்தது. நம் தாத்தாக்கள் கொஞ்ச காலத்திலேயே தமிழ் ஆராதனையை எழுப்பினார்கள். ஷார்ட் ஸ்திரீட்டில் இன்றும் அந்தச் சபை நிற்கிறது. இன்றைக்கு மெதடிஸ்ட் திருச்சபையில் 'ஆண்டு மாநாடு' என்று அழைக்கப்படுகிற நிர்வாகப் பிரிவுகள் மூன்று, அதில் இம்மானுவேல் தமிழ் ஆண்டு மாநாடு ஒன்று. சும்மா கிடைத்ததல்ல இது. பாட்டியோடு சேர்ந்து ஜெபிக்கத் தெரியாத பேரப்பிள்ளை ஒரு வீட்டில் இருந்தால், இரண்டு பேருக்குமே நஷ்டம்.

தோபாயோ_வாசி

ஐயா சொல்வதில் கடைசி வரி என்னை உலுக்கிவிட்டது. அதோடு தம்பி சொல்வதும் உண்மை. மேடையில் தமிழ், மேசையில் எது வாயில் வருகிறதோ அது. இப்படி வைத்துக்கொள்ளலாமா? மேசைத் தலைவர் இரண்டு மொழியும் பேசுகிறவராக இருந்தால் போதும். ஜெபமும் அப்படியே, அவரவருக்கு வருகிற மொழியில். தமிழில் ஜெபிக்கத் தயங்குகிறவர்கள் நாலு பேர் நடுவில் முயன்று பார்ப்பார்கள். இருநூறு பேர் நடுவில் முயல மாட்டார்கள்.

நேரமும் சனி மதியம் ஒரு மணியிலிருந்து இரவு ஒன்பதுவரை என்று மாற்றுகிறேன். ஜூன் விடுமுறை வேண்டாம் என்பதில் எல்லாருக்கும் சம்மதம் என்று நினைக்கிறேன். அப்போது பாதிச் சபை போர்ட் டிக்சன், மலாக்கா என்று குடும்ப முகாமுக்குப் போய்விடும். செப்டம்பர் விடுமுறையில் ஆசிரியர்களுக்குத் தேர்வு நெருக்கடி. டிசம்பரில் கிறிஸ்துமஸ் கீதபவனி. மார்ச்தான்.

துவாஸ்_விடுதி_ஊழியர்

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. நீங்கள் வாலிபர் என்று சொல்லும்போது யாரை நினைக்கிறீர்கள்?

நான் ஞாயிற்றுக்கிழமை மதியம் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில் இருக்கிற பிள்ளைகளைச் சந்திக்கிறேன். புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர் பக்கத்துப் பையன்கள். இருபத்திரண்டு, இருபத்து நாலு வயசு. ஊரில் சபையில் பாட்டுக்காரனாக, ஞாயிறு பள்ளி ஆசிரியனாக இருந்தவர்கள் அதில் உண்டு. இங்கே வந்ததும் கட்டுமானத் தளம், லாரி, விடுதி, கைப்பேசி. ஞாயிறு வேலை இல்லாவிட்டால்தான் ஆராதனை. நம் வாலிபர் கூட்டங்களில் அவர்களுக்கு இடம் இல்லை. நம் பிள்ளைகளும் அவர்களும் ஒரே ஆலயத்தில் வெவ்வேறு வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் கேட்பது இரண்டு. விடுதி ஊழியம் செய்கிற எங்களையும் வாலிபர் ஊழியர் என்று எண்ணி அழையுங்கள். விடுதிப் பிள்ளைகளிலேயே ஊழிய வாஞ்சை உள்ளவர்களையும் அழையுங்கள். அப்படி அழைத்தால் சனிக்கிழமை அவர்களுக்கு வேலை நாள் என்பதை நினைவில் வையுங்கள். பதிவுக் கட்டணமும் அவர்களுக்கு வேண்டாம்.

பொங்கோல்_அண்ணி

அண்ணா, நீங்கள் எழுதியதை என் வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். எங்கள் சபைப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறோம். ஊரில் பாட்டுக்காரனாக இருந்த அந்தப் பையன் வருவானா? கேட்டுச் சொல்லுங்கள். உண்மையாகவே கேட்கிறேன்.

பள்ளி_ஆலோசகர்

நான் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன், சபையில் வாலிபர் ஊழியத்திலும் உதவுகிறேன். மேசைகளில் என்ன பேசுவது என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் கட்டாயமாகச் சேர்க்கச் சொல்கிறேன்.

கூட்டம் முடிந்து நாற்காலி மடக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு பிள்ளை மெதுவாக வந்து, "அக்கா, எனக்கு வாழவே பிடிக்கல" என்கிறது. அந்த நிமிடத்தில் என்ன செய்வீர்கள்? நம் ஊழியர்களில் பலர் உடனே தலையில் கைவைத்து ஜெபித்து, விசுவாசமாயிரு என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அன்பில்தான் செய்கிறார்கள். ஜெபியுங்கள், கட்டாயம் ஜெபியுங்கள். அதற்கு முன்னால் உட்கார வையுங்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அந்தப் பிள்ளையைத் தனியே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். எஸ்ஓஎஸ் எனப்படும் சமாரிட்டன்ஸ் அமைப்பின் எண் 1767, 24 மணி நேரமும் எடுப்பார்கள். உடனடி ஆபத்து என்றால் ஆம்புலன்ஸ் எண் 995. தற்கொலை முயற்சி 2020 ஜனவரி முதல் இங்கே குற்றமும் இல்லை. சொன்னால் போலீஸ் பிடித்துவிடும் என்ற பயத்தில் பெற்றோர் மறைக்க வேண்டியதில்லை.

இதை மேடையில் ஒருவர் பேசிக் கேட்டால் மறந்துவிடும். மேசையில் ஒருவர் பிள்ளையாகவும் ஒருவர் அக்காவாகவும் உட்கார்ந்து பேசிப் பழக வேண்டும். நான் வந்து நடத்தித் தருகிறேன்.

அதே மூச்சில் இன்னொன்று. ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது என்ற விதி எல்லாச் சபையிலும் வேண்டும். பல சபைகளில் எழுத்தில் இல்லை, கேட்டால் நம்மை நம்பவில்லையா என்று முகம் சுருங்குகிறது. ஒரு சபை தனியாகச் சொன்னால் மனக்கசப்பு. எல்லாச் சபையும் ஒரே நாளில் ஏற்றுக்கொண்டால் யாருக்கும் வருத்தமில்லை. மாநாடு இருப்பது இதற்கும்தான்.

ஜூரோங்_மூப்பர்

சகோதரி, இதற்கு என் முழு ஆதரவு. இரண்டாம் செய்தியின் நேரத்தை இதற்குக் கொடுத்துவிடுங்கள்.

ஓஃபிர்_ரோடு

நான் கத்தோலிக்கன். லூர்து மாதா ஆலயத்தில் இளையோர் குழுவில் இருக்கிறேன். 1888-லிருந்து தமிழ்க் கத்தோலிக்கர்கள் கூடிவருகிற கோவில் அது. நண்பர் ஒருவர் இந்த இழையை அனுப்பினார். பள்ளி ஆலோசகர் எழுதியது எங்கள் குழுவுக்கும் அப்படியே பொருந்துகிறது. நாங்கள் வரலாமா? தயக்கம் இருந்தால் சொல்லிவிடுங்கள், தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

தோபாயோ_வாசி

அண்ணா, வாருங்கள். ஷார்ட் ஸ்திரீட்டுக்கும் உங்கள் கோவிலுக்கும் நடக்கிற தூரம்தான். மதிய அமர்வும் மேசையும் எல்லாருக்கும் பொது. திருவிருந்து ஆராதனை வைப்பதா என்று ஒரு பேச்சு இருந்தது, அது வேண்டாம் என்று குழுவில் சொல்கிறேன். ஒரே மேசையில் உட்கார்ந்துவிட்டு அந்த நேரத்தில் சிலர் எழுந்து வெளியே நிற்பது நன்றாக இருக்காது. சபைக் கோட்பாடுகள் அதனதன் இடத்தில் இருக்கட்டும். இதில் சில போதகர்களுக்கு உடன்பாடு இருக்காது, அவர்களை நேரில் பார்த்துப் பேசுவேன்.

இறையியல்_மாணவி

உலக நற்செய்திப் பணிக்கான லோசான் இயக்கம் இளம் தலைவர்களுக்கான தன் முதல் உலகக் கூடுகையை 1987-ல் நடத்தியது நம் சிங்கப்பூரில்தான். அடுத்தது 2006-ல் மலேசியாவில், அதற்கடுத்தது 2016-ல் ஜகார்த்தாவில், ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். ஜகார்த்தா கூடுகையோடு, வந்தவர்களை மூத்த வழிகாட்டிகளோடு இணைத்து, பத்தாண்டு சேர்ந்து நடக்கிற ஒரு வலையமைப்பாக அதை அறிவித்தார்கள். எடின்பரோவிலும் அப்படித்தான். மாநாடு கலைவதற்கு முன்பே, அதை நடத்திய ஜான் மாட் தலைமையில் தொடர் குழு ஒன்றை அமைத்தார்கள். அதிலிருந்து 1921-ல் சர்வதேச மிஷனெரி மன்றம் பிறந்தது. தொடர்ந்து நடத்தப்போகிறவர்கள் யார் என்பது மண்டபம் காலியாவதற்கு முன் தெரிந்திருந்தது.

நம் மேசைகளுக்கும் அது வேண்டும். தோபாயோ அண்ணா சொன்ன ஆறு வாரச் சந்திப்பு நல்ல எண்ணம், ஆனால் யார் கூப்பிடுவது? எல்லாரும் கூப்பிடலாம் என்றால் யாரும் கூப்பிட மாட்டார்கள். பேச்சாளரைத் தேடுவதற்கு முன் ஐந்து வட்டாரத்துக்கும் ஆளைத் தேடுங்கள். மோசேக்கு அவன் மாமன் எத்திரோ சொன்ன யோசனையில் ஆயிரம் பேருக்கு அதிபதி மட்டும் இல்லை, பத்துப் பேருக்கு அதிபதியும் உண்டு. பெரிய வாட்ஸ்அப் குழு ஒன்று ஆரம்பித்து எல்லாரையும் அதில் போட்டுவிட்டால் ஐக்கியம் உண்டாகிவிடும் என்று நம்ப வேண்டாம். இரண்டு வாரத்தில் அது வெறும் காலை வணக்கப் படங்களாகிவிடும். மேசைக்கு ஒரு குழு, ஐந்து பேர், போதும்.

தோபாயோ_வாசி

எல்லாருக்கும் நன்றி. நேற்றிரவு ஏற்பாட்டுக் குழு கூடி இந்த இழையை முழுக்க வாசித்தோம். இப்போதைக்கு முடிவானவை இவை.

மார்ச் விடுமுறை தொடங்குகிற சனிக்கிழமை, மதியம் ஒன்று முதல் இரவு ஒன்பது. செய்தி ஒன்று, இங்கேயே ஊழியம் செய்கிற ஒரு போதகர் தமிழில் கொடுப்பார். மூப்பர் ஐயா வெளிநாட்டுப் பேச்சாளரை விட்டுக்கொடுத்ததோடு, விமானச் செலவுக்கு ஒதுக்கிய தொகையை விடுதிப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் கொடுக்கச் சொல்லிவிட்டார். சனி வேலை இருக்கிற விடுதிப் பிள்ளைகளுக்காக, ஞாயிறு மதியம் ஒரு மேசையைத் தனியாக நடத்துகிறோம். அதற்கு உள்ளூர் ஊழியர்களும் போய் உட்கார வேண்டும், பொங்கோல் அண்ணி பெயர் கொடுத்தாயிற்று. ஆலோசகர் அக்காவுக்கு ஒன்றரை மணி நேரம். இரவுச் சாப்பாட்டுக்கும் ஒன்றரை மணி நேரம், அதை யாரும் எந்த அறிவிப்புக்காகவும் வெட்டக் கூடாது என்று நிகழ்ச்சி நெறியாளருக்கு எழுத்தில் கொடுக்கப்போகிறோம்.

வட்டாரப் பொறுப்பாளர்களில் மேற்கு, வடகிழக்கு, நடுப்பகுதி மூன்றுக்கும் ஆள் கிடைத்துவிட்டது. கிழக்குக்கும் வடக்குக்கும் இன்னும் இல்லை. பொறுப்பு என்றால் பெரிய வேலை ஒன்றுமில்லை. ஜனவரியில் ஒருமுறை, பிப்ரவரியில் ஒருமுறை ஆட்களைக் கோப்பிக்குக் கூப்பிட வேண்டும். மாநாட்டுக்குப் பிறகு ஆறு வாரத்துக்கொருமுறை நினைவூட்ட வேண்டும். ஒரு வருஷம் மட்டும்.

ஈசூன் சிஸ்டர், உங்களைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள்.

ஈசூன்_சிஸ்டர்

பிரியாணி வரிசைச் சகோதரியிடம் கேட்டுவிட்டேன். வடக்கை நாங்கள் இரண்டு பேருமாகப் பார்த்துக்கொள்கிறோம். முதல் சந்திப்பு ஜனவரி இரண்டாவது சனி, இரவு எட்டு மணி, ஈசூன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கோப்பிக்கடை. செம்பவாங், உட்லண்ட்ஸ் ஆட்கள் தனிச்செய்தி அனுப்புங்கள்.

புக்அவுட்_தம்பி

அக்கா, நான் அட்மிரல்டி. அந்த வாரம் வெளிய விட்டாங்கன்னா நானும் என் முகாம் கூட்டாளியும் வர்றோம். அவனுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும், பரவாயில்லையா?

ஈசூன்_சிஸ்டர்

பரவாயில்லை தம்பி. கித்தார் இருந்தால் கொண்டு வாங்க.